மணி அடிக்காத நாடு

மே 9, சனி. ஆம்ஸ்டர்டாம், படகில்.

"கடல் மட்டத்துக்குக் கீழே ஒரு நாடு இருந்தா, அங்க பெய்யிற மழைத் தண்ணி எங்க சார் போகும்?" என்று எட்டாம் வகுப்பு குருசாமி என்னிடம் ஒருமுறை கேட்டான். கோவில்பட்டியில், மழை என்பது புவியியல் புத்தகத்தில் மட்டும் பெய்த ஓர் ஆண்டில். "இறைச்சு ஊத்துவாங்க, உட்காரு" என்றேன். முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து அந்த நாட்டுக்கே வந்திருக்கிறேன். குருசாமி, விடை சரிதான். வயலில் விழுந்த தண்ணீரை இறைத்து, வயலைவிட உயரமான வாய்க்காலில் ஊற்றுகிறார்கள். மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் ஏற்றுகிறோமே, அதுபோல. பிறகு அந்தத் தொட்டியில் படகு விட்டு, கிழவர்களை ஏற்றிக்கொண்டு, நடந்து போகிறவன் முந்திவிடும் வேகத்தில் ஏழு நாள் சுற்றுகிறார்கள். பகலில் சைக்கிள் மிதிக்க வேண்டும். படகு நமக்கு முன்னால் போய் அடுத்த ஊரில் காத்திருக்கும். இதற்குப் பெயர் ஓய்வு.

பழைய மாணவர்களாகிய நீங்கள் வாட்ஸ்அப் குழுவில் கேட்டதால் எழுதுகிறேன். வாரக் கடைசியில் மொத்தமாகப் போடுவேன்.

நான் ஏன் இங்கே இருக்கிறேன் என்றால், மகள் பூங்கோதையும் மாப்பிள்ளை தினகரனும் ஆம்ஸ்டர்டாம் பக்கத்தில் குடியிருக்கிறார்கள். பேத்தி ஆதிரைக்கு ஐந்து மாதம். நமக்கு இங்கே ஒரு தடவைக்குத் தொண்ணூறு நாள்தான் விசா. அதனால் குழந்தையைப் பார்த்துக்கொள்வது தொடர் ஓட்டம் மாதிரி நடக்கிறது. மாப்பிள்ளையின் அப்பா நாச்சிமுத்து தன் தொண்ணூறு நாளை முடித்துக்கொண்டு அடுத்த ஞாயிறு ஊருக்குப் போகிறார். அவர் கையிலிருந்து நான் வாங்கிக்கொள்ள வேண்டும். பதினெட்டாம் தேதி மகள் வேலைக்குத் திரும்புகிறாள். அன்றிலிருந்து பகல் முழுக்க வீட்டில் நானும் ஆதிரையும் மட்டும். என் மனைவி போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. இருந்திருந்தால் அவள் செய்திருப்பாள். இப்போது இது என் வேலை. யாருக்கும் விட்டுத்தரப் போவதில்லை.

"ரெண்டு தாத்தாவும் ஒரு வாரம் போட்ல நாட்டைச் சுத்திப் பாத்துட்டு வாங்க" என்றார் மாப்பிள்ளை. ஒரு வாரம் வீட்டில் நீங்கள் வேண்டாம் என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது.

நாச்சிமுத்து கோபிச்செட்டிபாளையத்துக்காரர். அரசுப் பேருந்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். யாரைப் பார்த்தாலும் டிக்கெட் கேட்கப் போகிறவர் மாதிரியே பார்ப்பார். எங்கள் அறை அடுக்குக் கட்டில் போட்ட அலமாரி. "நீங்க கீழ படுங்க சம்பந்தி" என்றார். "நீங்க படுங்க" என்றேன். பெண்ணைக் கொடுத்தவர் மேலே ஏறுவதா என்று அவரும், மாப்பிள்ளையின் அப்பா மேலே ஏறுவதா என்று நானும் பத்து நிமிடம் நின்றோம். கடைசியில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஏணியில் கால் வைத்தோம்.

படுக்கையைச் சரிசெய்துகொண்டே எனக்குப் பாடம் எடுத்தார். "பாப்பா அழுகறதுல மூணு வகெ இருக்குதுங்க. பசிக்கு ஒன்னு, தூக்கத்துக்கு ஒன்னு, சும்மா ஒன்னு. சத்தத்தெ வெச்சே கண்டுபுடிச்சரலாமுங்க."

முப்பத்துநான்கு வருடம் ஐம்பது ஐம்பது பிள்ளைகளாகக் கட்டி மேய்த்தவனுக்கு இந்தப் பாடம். போன செவ்வாயன்று நடந்ததை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறார். அன்று நான் கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். குழந்தை பக்கத்தில் தொட்டிலில். இவர் தலையில் சோப்பு நுரையோடு குளியலறையிலிருந்து ஓடி வந்தார். ஆதிரை அழுதுகொண்டிருந்தாளாம். இந்த ஊர்க் காற்றில் குழந்தைகளுக்குக் குரலே எழும்புவதில்லை. வாயைத் திறந்து காட்டுவதோடு சரி.

மே 10, ஞாயிறு.

காலைச் சாப்பாட்டு மேசையிலேயே மதியத்துக்கும் நாமே கட்டிக்கொள்ள வேண்டும். ரொட்டி, பாலாடைக்கட்டி, வெள்ளரித் துண்டு. ரொட்டியில் வெண்ணெய் தடவி, அதன்மேல் சாக்லேட் தூளை ஆற்று மணல் போலக் கொட்டிச் சாப்பிடுகிறார் படகின் கேப்டன். வயது அறுபதாவது இருக்கும். நம் வீட்டுப் பிள்ளை இப்படிச் செய்தால் முதுகில் ஒன்று விழும்.

மொத்தம் பதினெட்டுப் பேர். வழிகாட்டி லீஸ் என்ற உயரமான பெண். வாய்க்குள்ளேயே பேசுகிறாள். முன்னால் போய் நின்றும் பாதிதான் விளங்கியது. விளங்கிய பாதி இது: அவள் முதலில் போவாள். வழி திரும்பும் இடம் வந்தால், அவளுக்கு அடுத்து வருகிறவர் அந்த முக்கில் இறங்கி நின்று, பின்னால் வருகிறவர்களுக்குக் கையைக் காட்ட வேண்டும். ஆரஞ்சுச் சட்டை போட்ட கடைசி ஆள் வரும்வரை அசையக் கூடாது. பிறகு அவரோடு சேர்ந்து போகலாம்.

அந்த ஆரஞ்சுச் சட்டையை நாச்சிமுத்து பாய்ந்து வாங்கிக்கொண்டார். "பஸ்ஸுன்னா என்னங்க, சைக்கிளுன்னா என்னங்க. எண்ணிக்கெ எண்ணிக்கெதானுங்க சம்பந்தி." முகத்தில் அப்படியொரு வெளிச்சம். ஓய்வு பெற்றவரை மறுபடி வேலைக்கு எடுத்துவிட்டார்கள்.

இந்த நாட்டில் மனிதரைவிடச் சைக்கிள் அதிகம். ஒன்றில்கூட மணி வேலை செய்யாது போலிருக்கிறது. காய்கறிக் கூடையோடு ஒரு பெண் என் முழங்கையை உரசிக்கொண்டு போனாள். போய்த் திரும்பி ஏதோ சொன்னாள். முகத்தைப் பார்த்தால் நல்ல வார்த்தை இல்லை. முறைப்படி மணி அடித்து முந்துவது நம் ஊர்ப் பால்காரருக்குத் தெரியும், இவர்களுக்குத் தெரியவில்லை.

"மூணு தடவெ அடிச்சாங்க சம்பந்தி" என்றார் இவர்.

"அடிக்கல" என்றேன்.

"சேரிங்க" என்றார். அந்தச் 'சேரிங்க' எனக்குப் பிடிக்கவில்லை.

மே 11, திங்கள்.

மழை. ரொட்டி. மழை. உருளைக்கிழங்கு. காற்று எதிரிலிருந்துதான் வீசுகிறது, திரும்பி வந்தாலும்.

மே 12, செவ்வாய்.

காற்றாலை பார்த்தோம். சுற்றவில்லை. சுற்றாத காற்றாலையை நாற்பது பேர் படம் பிடித்தார்கள். மாடுகள் கீழே வயலில் மேய்கின்றன. படகு அவற்றின் தலைக்கு மேலே போகிறது. மாடு நிமிர்ந்து படகைப் பார்க்கும் ஊர் இது ஒன்றுதான்.

கூட்டத்தில் ஓர் அமெரிக்க அம்மாள், பறவை ஆர்வலர். திடீரென்று எல்லாரையும் நிறுத்தி வானத்தைக் காட்டினாள். வானம்பாடி பாடுகிறதாம். நான் பார்த்தேன். புள்ளி ஒன்று இருந்தது. பாட்டு ஒன்றும் இல்லை. ஆனால் பதினேழு பேரும் தலையைச் சாய்த்து உருகி நின்றார்கள். 'புரிஞ்சுதா?' என்று வகுப்பில் கேட்டால் நீங்கள் ஐம்பது பேரும் ஒன்றாகத் தலையாட்டுவீர்களே, புரிந்தவன் மூன்று பேர்தானே, அதே கதை. நானும் ஆட்டி வைத்தேன்.

மாலையில் பூங்கோதை வீடியோவில் வந்தாள். கைப்பேசியில் ஒலி சரியில்லை. சம்பந்தி சிரித்த இடத்தில் சிரித்தேன். அவள் என்னிடம் எதையோ கேட்டுவிட்டு முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆமாம்மா, ஆமாம்மா" என்றேன். அவள் சிரிக்கவில்லை. பிறகு சம்பந்தியிடம், என்ன கேட்டாள் என்று பேச்சுவாக்கில் விசாரித்தேன்.

"ஆதிரெ எந்தப் பக்கமாப் பொரள்றான்னு சொல்லுங்கப்பா பாக்கலாம்னு கேட்டுதுங்க."

மே 13, புதன்.

இன்று லீசுக்கு அடுத்து நான். ஒரு மதகுப் பக்கத்தில் வழி பிரிந்தது. என்னை முக்கில் நிறுத்திவிட்டுப் போனாள். எல்லாருக்கும் ஒழுங்காகக் கை காட்டினேன். பதினைந்து பேர் போனார்கள். ஆரஞ்சுச் சட்டைக்காரர் மட்டும் பாக்கி. நிற்கிற நேரத்தில் மதகைப் பார்த்தேன்.

குழுவில் வாத்தியார் வேலை பார்ப்பவர்கள் இதை வகுப்பில் சொல்லலாம். இரண்டு கதவுகளுக்கு நடுவே படகை அடைக்கிறார்கள். மேல் வாய்க்கால் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடுகிறார்கள். படகு மாடிப்படி ஏறுவது போல் ஏறுகிறது. இயந்திரம் தூக்குவதில்லை, தண்ணீரே தூக்குகிறது. இந்த நாட்டில் உருப்படியாகப் பார்த்தது இது ஒன்றுதான். ஆனால் ஒரு படகு ஏற இருபது நிமிடம். தூத்துக்குடி பஸ்ஸே வந்துவிடும்.

திரும்பினால் நாச்சிமுத்து நாலடி பின்னால் நிற்கிறார். கட்டைவிரல் மணியின் மேல். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்து ரொம்ப நேரமாச்சா சம்பந்தி?"

"இல்லீங்க. இப்பத்தானுங்க வந்தேன்."

சாப்பிடும்போது ஊரிலிருந்து கொண்டுவந்த பருப்புப் பொடியை என் தட்டில் மூன்று கரண்டி போட்டார். இத்தனை நாள் ஒரு கரண்டி போடவே யோசித்தவர். எதற்கென்று தெரியவில்லை.

மே 14, வியாழன்.

இந்தக் குறிப்பை எழுத வேண்டாமென்று முதலில் நினைத்தேன்.

வெக்ட் ஆற்றின் மேல் ஒரு தூக்குப் பாலம். படகு வந்தால் பாலம் மேலே தூக்கிக்கொள்ளும். லீஸ் கடந்துவிட்டாள். நான் அவள் பின்னால். வெயில் நேராகக் கண்ணில். பாலத்தின் நடுவே போகும்போது எதிரே தடுப்புக் கட்டை இறங்கி முன்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. பின்னால் பார்த்தேன், அங்கேயும் இறங்கியிருந்தது. இரண்டுக்கும் நடுவே நான் மட்டும். பின்கட்டைக்கு அந்தப் பக்கம் சைக்கிளோடு அத்தனை பேரும். மேலே பாலத்தை இயக்கும் கூண்டில் ஒருவன் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தான். அவன் வாய் திறந்து திறந்து மூடியது.

நம் ஊர் ரயில்வே கேட்டில்கூட ஒரு மணி அடிப்பான். இவ்வளவு பணக்கார நாட்டில் ஒரு மணி வைக்க வக்கில்லை.

எதிர்க் கட்டையை மறுபடி தூக்கி என்னை வெளியே விட்டார்கள். லீசின் முகம் வெளுத்துவிட்டது. நாளை நான் படகிலேயே வரலாம் என்றாள். அதை மட்டும் தெளிவாக, என் முகத்துக்கு நேராக நின்று சொன்னாள்.

மதியம் மேல்தளத்தில் உட்கார்ந்திருந்தேன். சம்பந்தி வந்து எதிரே உட்கார்ந்தார். ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒன்னு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே."

"சொல்லுங்க."

"மணி அடிச்சுதுங்க. நா கடைசில வந்துட்டிருந்தேன். எனக்கே காதெப் பொளந்துது."

"இருக்கலாம். ஏதோ யோசனையில வந்தேன்."

"நேத்து மதகுகிட்டயும் யோசனைங்களா? நாலு தடவெ கூப்புட்டனுங்க. மணியும் அடிச்சேன்."

"இப்பத்தான் வந்தேன்னு சொன்னீங்க!"

"பொண்ணுக் குடுத்தவிய நீங்க. மூஞ்சிக்கு நேரா எப்புடிங்க சொல்றது?"

அவர் ஆற்றைப் பார்த்தபடி சொன்னார்: "முப்பது வருசம் டிக்கெட் இல்லாதவனெப் புடிச்சவனுங்க நானு. டிக்கெட் எடுக்காதவன் எப்பவும் சன்னலெத்தான் பாப்பான். நீங்க எப்பவும் எங்க வாயெத்தான் பாக்கறீங்க." பிறகு என் பக்கம் திரும்பி, மெதுவாக உதட்டை அசைத்தார். "பாப்பா வாயெப் பாத்துட்டே பகலெல்லாம் உக்காந்திருக்க முடியுமுங்களா?"

"பாப்பாவ நான் பாத்துக்கக் கூடாது. அதான உங்களுக்கு வேணும்? நேரடியாச் சொல்லிட்டுப் போங்களேன், பையன் வீட்டுக்காரங்கன்னு காட்டிட்டீங்க."

"நா யாருகிட்டயும் சொல்ல மாட்டனுங்க. நா பிளேன் ஏர்றதுக்குள்ள நீங்க உங்க பொண்ணுகிட்டச் சொல்லோணும். சொல்லாட்டி நா ஏற மாட்டேன்."

எழுந்து கீழே வந்துவிட்டேன். இவருக்கு என்ன தெரியும்? மாப்பிள்ளையின் அப்பாவிடம் எனக்கொரு குறை என்று நான் எந்த வாயால் சொல்வது? என்னைப் பற்றி அங்கே போகிற ஒவ்வொரு சொல்லும் என் மகளை அல்லவா போய்ச் சேரும்?

மே 15, வெள்ளி.

தர்க்கத்தில் தோற்பவன் கத்துவான். ஆசிரியன் சோதனை செய்வான். இவர் சொல்வது தப்பென்று நிரூபிக்க நானே ஒரு சோதனை வகுத்தேன். படகு கட்டியிருந்த கரையில், ஆள் நடமாட்டமில்லாத நேரான பாதை. நான் முதுகைக் காட்டி நிற்க வேண்டும். அவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு எண்பது தப்படி தள்ளிப் போய், பத்துப் பத்துத் தப்படியாக நெருங்கி, ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒருமுறை மணி அடிக்க வேண்டும். கேட்டதும் நான் கையைத் தூக்குவேன்.

நின்றேன். வாய்க்காலில் இரண்டு வாத்துகள் போயின. ஒரு கிழவர் நாயோடு எதிரே வந்தார். என் தோளுக்கு மேல் எதையோ பார்த்துச் சிரித்துக் கையை ஆட்டினார். நான் இன்னும் காத்துக்கொண்டிருந்தேன். சம்பந்தி தொடங்கவே இல்லையோ என்று திரும்பப் போனேன். அப்போது ஒரு மணி ஒலித்தது. கையைத் தூக்கித் திரும்பினால் அவர் மூன்று தப்படியில் நிற்கிறார். சைக்கிளை என் முதுகில் முட்டாத குறை.

"எத்தனை தடவை அடிச்சீங்க?"

"ஒம்போதுங்க. அந்தப் பெரியவரு தனக்குத்தான் அடிக்கறன்னு நெனச்சு வணக்கம் போட்டுட்டுப் போறாருங்க."

இடத்தை மாற்றிக்கொண்டோம். நான் எண்பது தப்படியில் அடித்தேன். கை தூக்கினார். நூற்றிருபதுக்குப் போனேன். தூக்கினார். மணி கெட்டது என்றோ, காற்று என்றோ சொல்ல முடியாது. அடித்தவன் நான்.

பாதையோரப் பலகையில் உட்கார்ந்தோம். அவர்தான் பேசினார்.

"நானும் ஒன்னு பண்ணிப்போட்டனுங்க. போன மாசம் டீ போடலாம்னு எந்திரிச்சுப் போனேன். பாப்பா சோபால இருந்து உருண்டு கீழ உழுந்துட்டா. கீழ மெத்தெ மாதிரி விரிப்பு; ஒன்னும் ஆகுல. ஆனா மருமவகிட்டச் சொல்லுல. தெனமும் பாப்பா தலையெத் தடவித் தடவிப் பாத்துட்டிருந்தேன்."

"ஏன் சொல்லல?"

"மாமனாரு ஒரு புள்ளையெப் பாத்துக்கத் துப்பில்லாதவன்னு உங்க வூட்டுல பேசிக்குவீங்கல்லங்க?"

இரண்டு பேரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது.

மே 16, சனி. மகள் வீடு.

செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நான் எப்படித் தொடங்குவதென்று மூன்று முன்னுரை யோசித்து வைத்திருந்தேன். அதற்குள் நாச்சிமுத்து வாசலிலேயே நின்று, "அம்மிணி, நா ஒரு தப்புப் பண்ணிப்போட்டேன்" என்று சோபா கதையைச் சொல்லிவிட்டார்.

பூங்கோதை குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டாள். "மாமா! எப்ப? டாக்டர்கிட்டக் காட்டியிருக்கணுமே!"

"எப்ப வேணாத் திட்டு கண்ணு. அதுக்கு முன்னால உங்கப்பா ஒன்னு சொல்றாரு, கேளு."

எனக்காகத் தன் தலையை முதலில் கொடுத்தார். பெண் வீட்டுக்காரன் தனியாகத் தாழ்ந்து நிற்கக் கூடாதென்று. அதற்குப் பிறகு எனக்கு முன்னுரை தேவைப்படவில்லை.

"எனக்குக் காது சரியாக் கேக்கலம்மா. போன வாரம் செவ்வாய்க்கிழமை பாப்பா அழுதது எனக்குக் கேக்கல. பக்கத்துலதான் இருந்தேன்."

"எவ்ளோ நாளாப்பா?"

"மூணு வருஷமிருக்கும்."

"அம்மா இருக்கும்போதேவா? எங்களுக்குத் தெரியவே இல்லையே!"

"எனக்குக் கேக்காததையெல்லாம் உங்கம்மா என் பக்கம் திரும்பி இன்னொரு தடவை சொல்லிடுவா."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, காது டாக்டரைப் பார்க்க நேரம் குறிக்கச் சொன்னாள். அலுவலகத்தில் இன்னும் ஒரு வாரம் விடுப்புக் கேட்பாள். அதற்குள் சரியாகாவிட்டால் ஆதிரை காப்பகத்துக்குப் போவாள். "நீங்க தனியா அவளோட இருக்க முடியாதுப்பா. காதுல மிஷின் வெச்சு, நான் அடுத்த ரூம்ல இருந்து கூப்பிட்டு, பத்துக்குப் பத்து நீங்க திரும்பினாத்தான்" என்றாள். முப்பத்தைந்து மார்க்கில் எத்தனையோ பேரைத் தேற்றிவிட்டவன் நான். என் மகள் எனக்கு நூற்றுக்கு நூறு கேட்கிறாள். கேட்கட்டும். அவள் இடத்தில் நான் இருந்தாலும் ஒரு மார்க்கைக்கூட விட்டிருக்க மாட்டேன். என் தொண்ணூறு நாளில் எத்தனை நாள் மிஞ்சும் என்று தெரியவில்லை.

இந்த வாரம் முழுக்க ஒரு நாட்டையே கேலி செய்து எழுதியிருக்கிறேன். ஒரு வரியையும் அடிக்காமல் அப்படியே குழுவில் போடுகிறேன். விடைத்தாளில் தப்பை அழித்துவிட்டுத் திருத்தி எழுதினால், எங்கே தவறினோம் என்பது எழுதியவனுக்கே மறந்துவிடும். கேலி பாதி சரி. ரொட்டியில் சாக்லேட் தூள் இன்றைக்கும் கேவலம்தான். மணியைப் பற்றி எழுதியதில் மட்டும் கேலி யாருக்குப் பொருந்தும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களில் பலருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. வீட்டில் உள்ள ஒருவரை உங்கள் முதுகுக்குப் பின்னால் பத்தடி தள்ளி நிறுத்தி, சாதாரணக் குரலில் நாலு எண்களைச் சொல்லச் சொல்லுங்கள். திரும்பாமல், கேட்டதை ஒரு தாளில் எழுதி அவரிடம் காட்டுங்கள்.